தெரியவில்லைக்கு முட்டை

எனக்கு ஆகவே ஆகாத ஒரு சொல் உண்டு. ‘தெரியவில்லை.’

மருத்துவக் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக மூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். வாய்மொழித் தேர்வில் என் எதிரே உட்கார்ந்து, “தெரியல மேடம்” என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகளுக்கு முட்டை போட்டு அனுப்பியிருக்கிறேன். தப்பாகச் சொல்லியிருந்தால்கூட அரை மார்க் விழும், பாவி மூளையைக் கசக்கியாவது பார்த்தானே என்று. தெரியல என்பவனுக்கு ஒன்றும் கிடையாது. ‘உலகம்மை மேடம் கையில் மாட்டினால் உலகமே இருட்டும்’ என்று ஆண்கள் விடுதிச் சுவரில் எவனோ எழுதிவைத்திருந்தான். போய்ப் பார்த்தேன். ‘இறுட்டும்’ என்று எழுதியிருந்தான். அதற்கும் முட்டைதான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பகுதிநேர வேலை வாய்த்தது. ‘நரம்பியல் நிபுணர்கள் தேவை. வீட்டிலிருந்தபடியே வாரம் பத்து மணி நேரம். செயற்கை நுண்ணறிவைத் திருத்த உதவுங்கள்’ என்று விளம்பரம் வந்தது. திருத்துவது என்றால் எனக்கு அல்வா. அன்றைக்கே எழுதிப்போட்டேன்.

அந்த இயந்திரத்துக்கு ‘விழிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கவாதத்திலோ விபத்திலோ அடிபட்டு, விரல்கூட அசையாமல், கண்ணும் திறக்காமல் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் சிலர் உள்ளே முழிப்பாக இருப்பார்கள். நாம் பேசுவது எல்லாம் கேட்கும், புரியும். பதில் சொல்ல உடம்பில் ஒரு தசைகூட ஒத்துழைக்காது. அவர்கள் தலையில் மூளை அலையைப் படிக்கும் ஒரு தொப்பியை மாட்டிக் காதில் ஒரு குரலை ஓட விடுவார்கள். ‘வலது கையால் டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று அந்தக் குரல் சொல்லும். கையை அசைப்பதாக நினைத்தாலே போதும், மூளையில் கைக்கு உரிய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அலை சட்டென்று அடங்கும். அலை அடங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அடங்காவிட்டால் இல்லை. இதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது விழிப்பின் வேலை. அது சொன்னது சரியா தப்பா என்று மார்க் போட்டுக் காரணம் எழுதுவது என் வேலை.

ஆரம்பத்தில் அது சுத்த வழவழா கொழகொழா. ‘உணர்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை’ என்று இழுக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் முட்டை போட்டேன். கீழே எழுதினேன்: ‘மூன்று முயற்சியிலும் அலை அடங்காவிட்டால் உணர்வு இல்லை என்று சொல்ல வேண்டும். நழுவக் கூடாது.’ எட்டு மாதம் விடாமல் எழுதினேன். அது என் மாணவர்களைவிடச் சீக்கிரம் திருந்தியது. தெரியவில்லை என்ற சொல்லையே மறந்துபோனது. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பொருத்த மதிப்பெண் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எங்கள் கல்லூரி மருத்துவமனையே அந்த இயந்திரத்தை வாங்கியது. அந்த வருஷம் ஒரு புது விதியும் வந்திருந்தது. மூச்சுக்கருவியில் இருபத்தெட்டு நாள் அசைவில்லாமல் கிடக்கிறவருக்கு விழிப்பு ‘உணர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டால், குழு கூடிக் கருவியை எடுக்கலாம். வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் தலைவர் டாக்டர் இருதயராஜ் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரு உதவி. செல்லப்பாண்டின்னு ஒருத்தர், மூளைத்தண்டுல அடைப்பு. இன்னைக்கு இருபத்தஞ்சாவது நாள். விழிப்பு தொண்ணூத்தேழு சதவீதம் உறுதியா உணர்வு இல்லன்னு சொல்லிட்டுது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு. வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட மாட்டேங்காங்க. அலையப் பத்தி நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்க.”

“இதுல என்ன இருக்கு டாக்டர், சொல்லிட்டாப் போச்சு” என்று போனேன்.

செல்லப்பாண்டிக்கு நாற்பத்துநான்கு வயது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அடுப்படியில் கல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறார். கட்டிலில் கிடந்த ஆளின் முன்னங்கைகள் இரண்டும் இன்னமும் கட்டை கட்டையாக இருந்தன. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி மாரிக்கனி. நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் தொப்பி, குரல், அலை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். முடித்ததும் அந்த அம்மாள் கேட்டாள்.

“மேடம், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது. டென்னிசுன்னா என்னது?”

“ஒரு விளையாட்டு. மட்டைய வச்சுப் பந்த அடிக்கது.”

“அத இவிய என்னைக்கு ஆடுனாவ?”

“ஆடியிருக்க வேண்டாம்மா. ஆடுத மாதிரி நெனச்சாப் போதும்.”

“நீங்க பரோட்டாவுக்கு மாவு வீசியிருக்கீங்களா?”

“இல்ல.”

“வீசுத மாதிரி நெனைங்க, பாப்போம்.”

நினைத்துப் பார்த்தேன். மாவை எந்த விரலால் பிடிப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது, ஒன்றும் வரவில்லை. தட்டில் வைத்த பரோட்டாவும் அதன் மேல் ஊற்றிய சால்னாவும்தான் மனக்கண்ணில் வந்து நின்றன. பரோட்டாவோடு எனக்கு இருக்கும் உறவு அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது ஞானம் இல்லை, கோபம். “உலகம் பூரா படிச்சவங்க சோதிச்சு வச்சது இது. ஒனக்கும் எனக்கும் தெரியுததவிட அவங்களுக்குத் தெரியும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

“படிச்சவங்க சோதிச்சிருப்பாவ மேடம். படிச்சவங்களத்தான சோதிச்சிருப்பாவ” என்றாள் மாரிக்கனி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

வாசலில் சிஸ்டர் எஸ்தர் மருந்துத் தட்டோடு நின்றாள். ஒன்பது வருஷமாக அந்தப் பிரிவில் இருக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். “எங்க மாமனாருக்கும் இதே டென்னிசுதான் மேடம். போன ஆவணியில. லாரி டிரைவரு” என்றாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து காப்பிகூடப் போடவில்லை. பகுதிநேர வேலையின் பக்கத்தைத் திறந்து, அதுவரை நான் செய்த வேலை முழுவதையும் தேடினேன். ‘டென்னிஸ்’ என்று போட்டதும் ஒரே ஒரு இடத்தில் வந்து நின்றது. அந்தக் காதுக்குரலின் தமிழ் வாசகம். அதன் கீழே ஒரு கேள்வி: ‘இது தமிழ் நோயாளிகளுக்குப் பொருத்தமானதா?’ என் விடை: ‘பொருத்தம். தெளிவான தமிழ். விளையாடுவதாக என்பதை அடுத்து நகரம் வருவதால் ஒற்று மிகாது, நீக்கவும்.’ எடுத்துக்கொண்ட நேரம், பன்னிரண்டு வினாடி.

ஆமாம். தமிழ்நாட்டில் நினைவில்லாமல் கிடக்கிற அத்தனை பேர் காதிலும் ஓடப்போகிற ஒரு வாக்கியத்தில் நான் பார்த்தது சந்திப்பிழையை. டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஊரில் அதைப் போய்ச் சொல்கிறோமே என்று ஒரு வினாடி தோன்றவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அடி உலகம்மை, உனக்கு யார் முட்டை போடுவது?

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நிறுவனமே விழிப்பைத் திருத்தினால் மருத்துவமனையும் கேட்கும் என்று ஒரு கணக்கு. எனக்கு வந்திருந்த புதிய பதிவுகளில் ‘உணர்வு இல்லை’ என்று விழிப்பு சொன்ன ஒவ்வொன்றையும் ‘தவறு’ என்று குறித்தேன். ‘இந்த நோயாளி டென்னிஸ் அறிந்தவரா என்று கேட்கப்படவில்லை. எனவே இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது’ என்று காரணம் எழுதினேன். அனுப்ப அனுப்பச் சிவப்பாகத் திரும்பி வந்தது. ‘தங்க விடையோடு பொருந்தவில்லை.’ தொண்ணூற்றெட்டு என்பது எண்பத்திரண்டு ஆனது. மத்தியானத்துக்குள் அறுபத்தொன்று.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். தர்ஷனா என்று ஒரு சென்னைப் பெண், மரியாதையான பிள்ளை.

“மேடம், என்னாச்சு உங்களுக்கு? நீங்க எங்க டாப் ஆளு. அறுபதுக்குக் கீழ போனா சிஸ்டமே உங்கள வெளிய எடுத்துடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“என் மார்க்க விடும்மா. அந்தத் தங்க விடை தப்பு. அத மாத்து.”

“தங்க விடைங்கிறது எல்லாரையும்விட பெஸ்ட் நிபுணர் எழுதின விதிப்படி வர்றது மேடம். நாப்பது பேரோட விடைய அத வச்சுத்தான் திருத்துறோம். ஒருத்தர் சொல்றாருன்னு மாத்த முடியாது. பாதிப் பேருக்கு மேல எழுதிக் குடுக்கணும்.”

“அந்தப் புண்ணியவான் யாரு? நம்பரக் குடு, நானே பேசுதேன்.”

“பேரு எனக்கே காட்டாது மேடம். எண்தான் வரும். இருங்க...” தட்டும் சத்தம் கேட்டது. “நிபுணர் இருபத்தேழு.”

என் எதிரே திறந்திருந்த பக்கத்தின் மேல்மூலையில், இத்தனை நாளாக நான் பார்த்துப் பார்த்துப் பழகிய எண் இருந்தது. இருபத்தேழு.

“தர்ஷனா, அது நான்தாம்மா” என்றேன். “என் விடைய வச்சு என்னையவே ஃபெயிலாக்குது.”

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “புதுசா சேர்றவங்களுக்கு வரவேற்பு சொல்றதுக்குன்னு ஒரு பொது முகவரி இருக்கு மேடம். அதுல எழுதினா நாப்பது பேருக்கும் போகும். அதுல வேற எதுவும் எழுதக் கூடாதுன்னு விதி இல்ல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

“மொதல்ல ஆதாரம் வேணும். வியாழக்கிழமைக்குப் பெறவு எழுதுதேன்” என்று வைத்தேன்.

நிறுவனம் திருந்தும் வரை செல்லப்பாண்டிக்கு நேரம் கிடையாது. புதன்கிழமை விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனேன். மாரிக்கனியிடம் நேராகப் போய், “அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீ கேட்டதுதான் சரி” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதுக்கென்ன மேடம். இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க.”

எஸ்தர் தொப்பியை மாட்டினாள். டென்னிஸ் குரலை நிறுத்தினேன். அவர் காதருகே குனிந்து, என் வகுப்பறைக் குரலில், “செல்லப்பாண்டி, பரோட்டாவுக்கு மாவு வீசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். திரையைப் பார்த்தேன். அலை அடங்கவில்லை. மறுபடி சொன்னேன். இல்லை. மூன்றாவது முறையும் இல்லை. மூன்று முயற்சி. என் சொந்த விதிப்படி ஆள் உள்ளே கிடையாது.

மாரிக்கனி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்த இடத்தில் அந்தச் சிரிப்பு எனக்குச் சுரீர் என்றது.

“மேடம், எந்தக் கடையில மாஸ்டர இப்பிடிக் கூப்புடுதாவ? நீங்க ரேடியோவுல சேதி வாசிக்க மாதிரில்லா சொல்லுதீங்க. கடையில அவிய பேரையே யாரும் சொல்லமாட்டாவ.”

“வேற எப்படிச் சொல்லணும்?”

அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூச்சை இழுத்து, அந்தப் பிரிவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு போடு போட்டாள்.

“மாஸ்டர்ர்ர்! ரெண்டு செட்டு, ஒரு கொத்து! பார்சல் நிக்கி!”

அலை அடங்கியது.

ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும். இரண்டு காதுக்கும் மேலே, இரண்டு கைக்கும் உரிய இரண்டு இடத்திலும், குழாயை மூடியதுபோல் அலை அடங்கி, இருபது வினாடி அப்படியே கிடந்து, பிறகு மெல்ல எழும்பியது. “இன்னொருக்க” என்றேன். அவள் கத்தினாள். அடங்கியது. “சும்மா இருங்க மாஸ்டர், யாவாரம் இல்ல” என்றாள். எழும்பியது. “மாஸ்டர், நாலு செட்டு!” அடங்கியது.

எஸ்தர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரிக்கனி அவர் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னேம்லா, நான் சொன்னேம்லா” என்று அழுதாள். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் விழிப்பு அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? ‘மாற்றம் இருபுறமும் உள்ளது. வலது கைக்கு மூளையின் இடப்புறம் மட்டுமே மாற வேண்டும். எனவே இது வெளிச்சத்தம். உணர்வு இல்லை. தொண்ணூற்றாறு சதவீதம்.’ பரோட்டா மாவை ஒற்றைக் கையால் வீச முடியுமா? அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? நானா?

இருதயராஜ் வந்து பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் கையில் சட்டப் புத்தகத்தோடு இருப்பவர்.

“மேடம், அந்தம்மா கத்துத கத்துக்கு எனக்கே அலை அடங்கிப்போச்சு. சத்தத்துக்கு மூளை துள்ளுதது வேற, கேட்டுப் புரிஞ்சு செய்யுதது வேற. நீங்க ஆசையில பாக்கீங்களோன்னு குழுவுல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

“சரி டாக்டர். கத்த வேண்டாம். நாளைக்குக் குழு முன்னாலயே செய்வோம். நான் அந்த ரூம்லயே இருக்க மாட்டேன். பக்கத்து ரூம்ல கதவ அடச்சுக்கிட்டு அலைய மட்டும் பாக்கேன். நீங்க என்ன கேக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. அவர் ஆமான்னாரா இல்லன்னாரான்னு நான் எழுதித் தாரேன். அஞ்சு கேள்வி, விடை மாரிக்கனிக்கு மட்டும் தெரிஞ்சதா கேளுங்க.”

“தப்பாப் போனா?”

“கையெழுத்துப் போடச் சொல்லி நானே மாரிக்கனிகிட்டச் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு சிக்கல் இருந்தது. ‘ஆமாம்’ என்பதற்கு மாவு வீசுவது. ‘இல்லை’ என்பதற்கு என்ன வைப்பது? அவர் தினமும் கடையை முடித்து வீட்டுக்குச் சைக்கிளில்தான் போவார் என்றாள் மாரிக்கனி, வண்ணார்பேட்டை வரைக்கும். அது நல்லது. காலுக்கு உரிய இடம் உச்சந்தலையில் இருக்கிறது, கையோடு குழம்பாது. அன்று மத்தியானம் முழுக்க அவள் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். “ஆமான்னா வீசுங்க. இல்லன்னா சைக்கிள மிதிச்சு வீட்டுக்கு வாங்க. புரிஞ்சுதா? என்னைய ஏமாத்திராதீங்க.” நான் குறுக்கே போகவில்லை. அவளைவிட நல்ல ஆசிரியை அங்கே யாரும் இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. இருதயராஜும் வேறு இரண்டு டாக்டர்களும். நான் பக்கத்தில் இருந்த துணி அடுக்கும் அறையில் திரையோடு உட்கார்ந்தேன். எஸ்தர் கதவுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கதவை ஒருக்களித்துத் திறந்து விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஒன்று. காதுகளுக்கு மேலே அடங்கியது. ‘ஆமாம்’ என்று எழுதினேன். இரண்டு. உச்சந்தலை. ‘இல்லை’. மூன்று. உச்சந்தலை மறுபடியும். ‘இல்லை’.

நான்காவது விரலுக்கு அலை நடுங்கியது. கைப்பக்கம் கொஞ்சம், கால்பக்கம் கொஞ்சம். ஒரு நிமிஷம் போனது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றை எழுதிவிடத் துடித்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே, அரை மார்க்காவது விழுமே! பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். எடுத்துவிட்டேன். எழுதப்போவது ஒரு மனுஷனின் உயிர் அல்லவா.

“தெரியல எஸ்தர்” என்றேன். “எனக்குத் தெரியல. அவருக்கு அசதியா இருக்கும். பத்து நிமிசம் விட்டுட்டுத் திரும்பக் கேக்கச் சொல்லு.”

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. உலகம் ஒன்றும் இருட்டவில்லை. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். காதுகளுக்கு மேலே, சந்தேகமே இல்லாமல் அடங்கியது. ‘ஆமாம்’. ஐந்து, ‘இல்லை’. அதற்குப் பிறகு எஸ்தர் ஆறாவது விரலையும் தூக்கினாள். அப்புறம் ஏழாவது. ஐந்துதானே பேசியது என்று நினைத்தபடியே எழுதினேன். ஆறு, ‘ஆமாம்’. ஏழு, ‘இல்லை’. அந்த ஏழாவதுக்கு உச்சந்தலை அலை மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக அடங்கிக் கிடந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இருதயராஜ் அதைத் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்த்தார்.

“அஞ்சும் சரி” என்றார். “மக பேரு, பொறந்த ஊரு, எல்லாம். சும்மா வாய்க்கு வந்தத எழுதுனா முப்பத்திரண்டுல ஒரு தடவதான் இப்படி வரும்.”

“ஆறாவது என்ன கேட்டீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “‘எங்கயாவது வலிக்குதா’ன்னு கேட்டேன் மேடம். ஆமான்னுட்டாரு. இருபத்தெட்டு நாளா நாங்க யாரும் கேக்கல.”

“ஏழாவது?”

“அது நான் கேட்டது” என்றாள் மாரிக்கனி. “‘இந்த மெசின எடுத்துரலாம்னு சொல்லுதாவ. எடுக்கட்டுமா’ன்னு கேட்டேன். என்ன சொன்னாவ மேடம்?”

“இல்லன்னு சொல்லியிருக்காரு.”

“எப்படி? சைக்கிள்லயா?”

“ஆமா. ரொம்ப நேரம் மிதிச்சிருக்காரு.”

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வண்ணார்பேட்டைக்குல்லா போணும்” என்றாள். “பாலத்துல ஏத்தம் வேற.”

குழு கருவியை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர் வலிக்கு மருந்து மாறியது. வலிப்பது இடது தோள் என்பதை ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் கண்டுபிடித்தார் இருதயராஜ்.

நான் வீட்டுக்குப் போய் அந்தப் பொது முகவரிக்கு எழுதினேன். ‘நிபுணர் இருபத்தேழு நான். தங்க விடை என்னுடையது. அது தப்பு’ என்று தொடங்கி, செல்லப்பாண்டியின் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். மிச்சமிருந்த பதிவுகள் அத்தனைக்கும் ஒரே விடையைப் போடத் தொடங்கினேன்: ‘தெரியவில்லை. இவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும்.’ இரண்டாவது பதிவிலேயே மதிப்பெண் அறுபதுக்குக் கீழே இறங்கியது. ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்து பக்கம் மூடிக்கொண்டது. போகட்டும் என்று இருந்துவிட நான் என்ன புத்தரா? மருத்துவ மாநாடுகளில் அறிமுகமானவர்களை எல்லாம் பிடித்து, இந்த வேலை செய்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டுத் துரத்தினேன். கொச்சியிலிருந்து ஒருவர் பதில் போட்டார்: ‘மலையாளத்தில் அந்த வாசகத்துக்குப் பொருத்தம் என்று எழுதியவன் நான். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.’ நாக்பூரிலிருந்து ஒரு அம்மாள் எழுதினாள். அவள் திருத்தியது ஒரு காற்புள்ளியை. இரண்டு மாதத்தில் முப்பத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். தர்ஷனா போனில், “மாத்தியாச்சு மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து விழிப்பின் புதுப்பதிப்பு எங்கள் மருத்துவமனைக்கு வந்தது. செல்லப்பாண்டி அதற்குள் மூச்சுக்கருவி இல்லாமல் சுவாசிக்கப் பழகி, வண்ணார்பேட்டைக்கே போய்விட்டார், சைக்கிளில் அல்ல, ஆம்புலன்ஸில். தலையில் தொப்பியோடுதான் இருக்கிறார். மாரிக்கனி நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறாளாம். சில நேரம் அவர் ஆமாம், இல்லை இரண்டையும் நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கிறாராம். “வாயாடி வாய மூடுன்னு அர்த்தம் மேடம்” என்றாள்.

புதுப்பதிப்பின் முதல் நோயாளி ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். பஸ் மோதி இருபது நாளாகக் கிடந்தாள். எஸ்தர் தொப்பியை மாட்டினாள். இருதயராஜும் நானும் திரைக்கு முன்னால் நின்றோம். மூன்று முயற்சி. அலை அடங்கவில்லை. பழைய விழிப்பாக இருந்தால் தொண்ணூற்றேழு சதவீதம் என்று அடித்துச் சொல்லியிருக்கும். இது கொஞ்சம் தாமதித்தது. பிறகு எழுத்து வந்தது:

‘எனக்குத் தெரியவில்லை. இவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்? வீட்டாரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.’

இருதயராஜ் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பெருமைகூட வந்தது, பழைய புத்தி எங்கே போகும்? அப்போதுதான் எஸ்தர் பேசினாள். திரையை அல்ல, என்னைப் பார்த்து.

“மேடம், இந்த மெசின் வந்ததுலருந்து செல்லப்பாண்டிக்கு முன்னால பதினோரு பேருக்கு டென்னிசு சொல்லியிருக்கோம். நோட்டப் பாத்து எண்ணுனேன். எங்க மாமனாரும் அதுல ஒருத்தரு. நாங்கதான் கையெழுத்துப் போட்டோம்.” தொப்பியின் வாரை அவள் விரல் சரிசெய்துகொண்டே இருந்தது. “அவியகிட்ட லாரி ஓட்டச் சொல்லியிருந்தா, கேட்டிருக்குமோ?”

கேட்டிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் மூளையின் படத்தை நான் பிறகு எடுத்துப் பார்த்திருக்கிறேன், அடி பலமானதுதான். கேட்டிருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம், செல்லப்பாண்டி படமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அவளுக்கு ஒரு விடை வேண்டும். இருபத்தாறு வருஷம் விடை வாங்கியே பழகியவள் நான். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு வினாடிக்கு மேலேயே இருக்கும்.

“தெரியல எஸ்தர்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நோயாளியின் சீட்டை எடுத்தாள். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் நிரம்பியிருந்தன. தொழில் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

“இந்தம்மாவோட மக வெளிய நிக்கா” என்றாள். “நான் போய்க் கேட்டுட்டு வாரேன்.”